முறத்தளவு பலகை

மின்கம்பி எட்டாத மலைத்தோட்டத்தில், கூரைமேல் இருந்த முறத்தளவு சோலார் பலகையோடு கைப்பிடி வைத்த பெரிய பேட்டரிப் பெட்டியை இணைத்திருந்தார் முதலாளி சபாபதி. பெட்டியில் சார்ஜ் நிறையவே இல்லை. திட்டு வேலைக்காரி அங்கம்மாளுக்கு.

"பலகையை நீ ஒழுங்காத் துடைக்கிறதில்ல. பொழுது சாயறதுக்குள்ள பேட்டரி நிறையலன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

துடைத்துத் துடைத்து அவள் தோள் ஓய்ந்திருந்தது. "சரிங்க முதலாளி."

அன்று மாலை, விருந்துக்கு வந்திருந்த சம்பந்தியோடு முதலாளி குளிக்க வந்தபோது, அங்கம்மாள் தொட்டித் தண்ணீரை டம்ளரில் மொண்டு அண்டாவில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமா உனக்கு? குடம் இல்லையா? இதுல அண்டா எப்ப நிறையும்?"

"டம்ளரை நல்லாத் துடைச்சிருக்கேங்க. நிறைஞ்சிடும்."

சம்பந்தி சிரித்துவிட்டார். முதலாளி கூரைமேல் இருந்த பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்கு வா," என்றார். "பெரிய பலகையா வாங்கியாறேன்."

அங்கம்மாள் டம்ளரை வைத்துவிட்டுக் குடத்தை எடுத்தாள்.