விசிறி நின்ற நாழிகை

முன்னொரு காலத்தில், ஏரிகள் சூழ்ந்த ஒரு நாட்டை ஆண்ட அரசனுக்கு, மதிய விருந்து முடிந்த கையோடு, உலகம் மாயை என்று தோன்றிற்று. அன்றுமுதல் உண்டதும் தியானத்தில் அமர்ந்தான். சற்று நேரத்தில் குறட்டை எழும். "பிரணவ நாதம்," என்பார் பேரமைச்சர் தாண்டவராயர். சபை தலையாட்டும்.

விகடகவி வெண்காடன் மட்டும் ஆட்டவில்லை. அவனை ஒழிக்கக் காத்திருந்த தாண்டவராயர், அரசனிடம் ஓர் ஆணை வாங்கினார்: தியான வேளையில் அரசனருகே ஓசையோ அசைவோ கூடாது, மீறினால் நாடுகடத்தல்.

மறுநாள் மதியம் பூவாயி என்ற உழவுப்பெண், மண்டப வாசலில் நின்ற வெண்காடனிடம் ஓடிவந்தாள்.

"மதகு திறக்க ராசா முத்திரை வேணுமாம் சாமி. நாலு நாளா வந்து திரும்புறேன். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள தண்ணி பாயலேன்னா பயிர் அத்தனையும் கருகிடும்."

"எழுப்பிப் பாரும், வெண்காடரே. எல்லைவரை பல்லக்கு அனுப்புகிறேன்," என்று அருகில் நின்று சிரித்த தாண்டவராயர், உள்ளே போய், தியானத்திலிருந்த அரசனுக்குப் பின்னால் தாமும் கண்மூடி அமர்ந்தார்.

வெண்காடன் வாசல் தூணருகே காத்திருந்தான். நாழிகைக்கொரு முறை அரசனுக்கு விசிறும் விசிறிக்காரர் மாறுவது வழக்கம். பழையவர் இருவர் வெளியே வந்தனர். புதியவர் இருவரை அவன் வாசலிலேயே மறித்தான்.

"விசிறி அசையுமா, அசையாதா?"

"அசையாம எப்படி ஐயா காத்து வரும்?"

"அசைவு கூடாது என்பது ஆணை. நாட்டைவிட்டுப் போக ஆசையா?"

அவர்கள் விசிறிகளைக் கீழே வைத்தனர்.

காற்று நின்றது. அரசனின் நெற்றி வியர்த்தது. ஓர் ஈ வந்து மூக்கில் அமர்ந்தது. அரசன் திடுக்கிட்டு விழித்தான். பின்னாலிருந்து குறட்டை கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"பிரணவ நாதம், அரசே," என்றான் வெண்காடன். "இதுவரை இரண்டு கேட்டன. இப்போது ஒன்றுதான்."

அரசன் திரும்பி, குறட்டைவிடும் தாண்டவராயரைப் பார்த்தான்.

"என்னை எழுப்பியது யார்?"

"ஓர் ஈ, அரசே. அதற்கு ஆணை தெரியாது. நாங்கள் ஆணைப்படி விசிறியை நிறுத்தியதோடு சரி."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். அதில் தாண்டவராயரும் விழித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியபோது வாசலில் பூவாயி தெரிந்தாள். விவரம் கேட்டு, அவள் கொண்டுவந்த ஓலையில் அரசன் முத்திரை பதித்தான்.

"நாலு நாள் காக்கவைத்துவிட்டேன் அம்மா. பொறுத்துக்கொள்."

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்கு அணிவித்தான். "உலகத்தை மாயை என்றேன், என் தியானம்தான் மாயை. எல்லாரும் என் தூக்கத்துக்கு விசிறினார்கள். நீ ஒருவன் நிறுத்தினாய். இந்த நன்றிக்கடன் என்றும் தீராது. நாளைமுதல் விடியலில், வெறும் வயிற்றோடு அமர்கிறேன். விசிறி வேண்டாம்."

"எனக்கு என்ன கட்டளை, அரசே?" என்று தயங்கினார் தாண்டவராயர்.

"அந்த ஈயைத் தேடிக் கொண்டுவாரும். அதற்கும் ஒரு பரிசு தரவேண்டும்."