ஊரெல்லாம் பங்காளி

முன்னொரு காலத்தில், மேகம் தெருவுக்குள் இறங்கி மாடுகளோடு சேர்ந்து நடக்கும் ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜாவுக்கு மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு. மலைக்கு மலை முரசு பேசுகிறது, கடைசிக் குடிசை வரை சேதி மிதந்து போகிறது. எழுந்தவர் முகம்கூடக் கழுவவில்லை.

"மலைதோறும் முரசு மேடை எழும்பட்டும்! சேதி சுமந்து பிழைப்பவர் எல்லோரும் அதற்குப் பங்கு செலுத்தட்டும்!" என்று ஆணையிட்டு முத்திரையும் குத்திவிட்டார்.

தன் ரத்த உறவான பங்காளிகளுக்கு மட்டும் சேதி கொண்டுபோகிறவருக்கு விலக்கு என்று ஆணையின் அடியில் ஒரு வரி. சொந்த வீட்டுப் பேச்சுக்கு வரி கேட்கலாமா? நல்ல எண்ணம்தான். ஆனால் இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவர்கள் எந்தச் சபையில்தான் இல்லை!

இந்தச் சபையில் அவர் பெயர் பொன்னம்பல ராயர். வானம் மறைய மறையப் புறா விட்டு, நகரத்துச் சேதியெல்லாம் காசுக்குக் கொண்டுபோகிறவர்.

"மகாராஜா, இந்த நகரத்தார் அத்தனை பேரும் அடியேனுடைய பங்காளிகளே!" என்றார் கூசாமல்.

ராஜா பாதித் தூக்கத்தில் தலையசைத்தார். விலக்கு கிடைத்துவிட்டது.

பெரிய மீன் நழுவினால் வலைக்காரன் சும்மா இருப்பானா? தண்டல்காரர்கள் மலைமேல் இருந்த பூவாயியைப் பிடித்தார்கள். கீழூர்க்காரர்கள் அளக்கிற படி நெல்லுக்கு முரசடிக்கிறவள் அவள். அவர்கள் அவளுக்குப் பங்காளிகளும் இல்லை. பங்கைக் கட்டு, இல்லையென்றால் முரசைக் கொடு என்றார்கள் தண்டல்காரர்கள்.

அவள் சபை விகடன் வேம்படியானிடம் ஓடிவந்தாள். "ஆத்துல வெள்ளம் வந்தா என் முரசு கேட்டுத்தான் கீழூரு சனம் மேல ஏறும் சாமி. மழை வரப்போவுது. முரசு போயிட்டா புள்ளகுட்டிங்க கதி என்ன?"

வேம்படியான் நேரே சபைக்குப் போய், ராயர் தப்பிக்கப் பூவாயி மாட்டிக்கொண்டாள் என்று முறையிட்டான்.

"முத்திரையிட்ட ஆணையை நாம் மாற்றுவதில்லை" என்றார் ராஜா.

ராயர் சிரித்தார். வேம்படியானைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "விலக்கு வேண்டாமென்று இவன் என் வாயாலேயே சொல்லவைக்கட்டுமே! முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"நல்ல பந்தயம்! வெள்ளிக்கிழமை வரை தவணை" என்றார் ராஜா.

அந்த வெள்ளிக்கிழமைதான் ராயர் மகளுக்குக் கல்யாணம்.

மறுநாள் காலை, மூடுபனிக்குள்ளிருந்து ராயரின் பல்லக்கு அரண்மனை வாசலுக்கு வந்தது. அங்கே வேம்படியான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்.

"ஐயோ ராயரே! எண்ணெய்க்காரத் தெரு மாசானம் காலமாகிவிட்டார்! உமக்குப் பதினாறு நாள் பங்காளித் தீட்டு. தீட்டோடு சபைக்குள் வரலாமா?"

காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள்.

அடுத்த நாள் குயவர் தெருவில் ஒரு சாவு. அதற்கடுத்த நாள் பூக்காரி வீட்டில் பிரசவம், பிறந்தாலும் தீட்டுத்தானே! கோயில் கதவும் ராயருக்குச் சாத்தப்பட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள், "தீட்டு வீட்டில் தாலி கட்ட முடியாது" என்று புரோகிதர் கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் பதறிப்போய் வேம்படியானைக் கேட்டார்கள். "இந்தத் தீட்டு எப்போதுதான் தீரும்?"

"ஊரில் சாவும் பிறப்பும் நின்ற மறுநாள்!"

ராயர் தலைப்பாகை அவிழ அரண்மனை வாசலுக்கு ஓடினார். வெளியே நின்றபடியே கத்தினார்: "மகாராஜா! இந்த ஊரில் எனக்கு ஒரு பங்காளியும் இல்லை! விலக்கும் வேண்டாம்! கட்டாத பங்கையும் சேர்த்துக் கட்டுகிறேன்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேம்படியா, வேண்டியதைக் கேள்!"

"ராயர் வேண்டாமென்ற விலக்கைப் பூவாயிக்குக் கொடுங்கள், மகாராஜா."

"கீழூரார் அவளுக்குப் பங்காளிகள் இல்லையே?"

"கீழூரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியாது, மகாராஜா. யாரும் சொல்லி அல்ல."

ராஜாவின் சிரிப்பு நின்றது. பிறகு, "அவளுக்கு விலக்கு உண்டு. முதல் மேடையும் அவள் மலையில்தான்" என்று சொல்லி, தம் முத்துமாலையைக் கழற்றி வேம்படியான் கழுத்தில் போட்டார். "தீட்டுப் பார்க்கத் தெரிந்த பயல்!" என்று மறுபடி சிரிக்க ஆரம்பித்தவர் மாலை வரை நிறுத்தவில்லை.

அந்த வாரமே மழை பிடித்தது. முரசு கேட்டதும் கீழூர் சனம் ஆடு மாடு, பிள்ளை குட்டிகளோடு மேலே ஏறியது. ஒருவரும் குறையவில்லை.