பெருச்சாளிக் கதவும் கரிச்சான் வாயும்

மரங்கள் பேச்சை நிறுத்திவிட்ட பிறகும், விலங்குகள் மட்டும் இன்னும் நிறுத்தாமல் இருந்த காலம் ஒன்று இருந்ததாம். அந்தக் காலத்தில், ஓர் ஓடைக்கரைக் காட்டில், பெருச்சாளிகள் மூன்று சேர்ந்து ஒரு கதவு செய்தன.

வெள்ளம் வந்தால் தானாக மூடிக்கொள்ளும் கதவு அது. வளையின் வாசலுக்கு மேலே ஒரு தட்டைக் கல். அதைத் தாங்கிப் பிடிக்க, காய்ந்த களிமண் உருண்டை ஒன்று. தண்ணீர் ஏறி உருண்டையைத் தொட்டால் அது கரையும். கல் தொப்பென்று விழுந்து வாசலை அடைக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது.

இரண்டு மழைக்காலம் செய்து செய்து பார்த்துத் தேறிய கதவு. ஆனால் காட்டில் ஒருவருக்கும் அதைப் பற்றித் தெரியவில்லை. மூத்த பெருச்சாளி ஒருநாள் கீரியைப் பிடித்து நிறுத்தி விளக்கப் பார்த்தது. கல்லின் எடையில் தொடங்கி, களிமண்ணின் வகைகளுக்கு வந்து, நிமிர்ந்து பார்த்தால் கீரியைக் காணோம்.

"நமக்குச் செய்யத் தெரியுது. சொல்லத் தெரியல" என்றது தம்பிகளிடம். "சொல்லத் தெரிஞ்சவன் ஒருத்தனைப் பிடிக்கணும்."

அந்தக் காட்டில் சொல்லத் தெரிந்தவன் என்றால் கரிச்சான்தான். வால் நுனியில் இரண்டு துடுப்பு தொங்கும் கறுப்புப் பறவை. ஒரு குரலை ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பேசிவிடும். தினமும் விடிந்ததும் மருத மரத்தில் உட்கார்ந்து சேதி சொல்லும். எந்தப் புதரில் பாம்புச் சட்டை கிடக்கிறது, எந்தக் கிளையில் பழம் கனிந்திருக்கிறது, எறும்பு எப்போது முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறியது, இப்படி நாலு சேதி. எல்லாம் கேட்கிறவருக்குப் பயன்படுகிற சேதி. ஐந்தாவதாக, யாராவது செய்த பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. தூக்கணாங்குருவிகளுக்காகப் பேசியிருக்கிறது. தேனீக்களுக்காகவும் பேசியிருக்கிறது. பேச்சுக்குக் கூலி புழுவும் பூச்சியும்.

"தோண்டும்போது வர்ற புழுவெல்லாம் உனக்குத்தான்" என்றது மூத்த பெருச்சாளி.

"சரிண்ணே. கதவைப் பத்திச் சொல்லுங்க."

பெருச்சாளி சொன்னது. நீளமாகத்தான் சொன்னது. கரிச்சான் ஒருநாளும் வளைக்குள் போகாத பறவை. முக்கால்வாசி புரியவில்லை. புரிந்த மாதிரி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணை மட்டும் விட்டுடாதே" என்றது பெருச்சாளி. "விழுந்த கல்லை உள்ளேயிருந்து தூக்க முடியாது. சேறு இறுக்கிடும். மேட்டுப் பக்கமா ஒரு பின்வாசல் கட்டாயம் வேணும். இல்லேன்னா உள்ளேயே மாட்டிக்குவாங்க."

"சொல்லிடறேண்ணே."

மறுநாள் காலை ஐந்தாவது சேதியாகக் கதவு வந்தது. பின்வாசல் வரவில்லை. பெருச்சாளி மரத்தடிக்கு வந்து நின்றது.

"அதை விட்டுட்டியே தம்பி?"

"அண்ணே, நல்ல கதவுன்னு சொல்லிட்டு, அடுத்த மூச்சில மாட்டிக்குவீங்கன்னும் சொன்னா எவன் வருவான்? வர்றவங்க வரட்டும். மாட்டும்போது நீங்களே சொல்லிடுங்க."

பெருச்சாளி தலையைச் சொறிந்தது. அதுவும் சரிதான் என்று பட்டது. போய்விட்டது.

ஆனால் கதவு கேட்டு ஒருவரைத் தவிர யாரும் வரவில்லை. கேட்டவர்களெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இதுவரைக்கும் யாரு மாட்டியிருக்கா?"

மாட்டியிருந்தது அந்த ஒரே ஆள்தான். செதில் போர்த்திய உடம்போடு எறும்பு தின்று திரியும் அழுங்கு. கரிச்சான் அதைத் தேடிப்போனது. பொழுது சாய்கிற நேரம். அப்போதுதான் அழுங்கு தூங்கி எழுந்திருந்தது.

"அக்கா, கதவு எப்படி இருக்கு?"

"மழையே வரலியே தம்பி. எதை வச்சுச் சொல்றது?"

"சும்மா ரெண்டு வார்த்தை."

"தெரியாததை என்னன்னு சொல்ல?" என்று கேட்டுவிட்டு அழுங்கு புற்றைத் தேடிப் போனது.

கரிச்சான் கிளைக்குத் திரும்பியது. அழுங்கின் கரகரத்த குரலை எடுத்து மெல்லச் சொல்லிப் பார்த்தது. "இந்தக் கதவை மாட்டினதிலிருந்து எனக்கு மழையைப் பத்திக் கவலையே இல்லை." நன்றாக இருந்தது. ஆனால் முடிவு சப்பென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் சேர்த்தது. "பின்வாசல்கூட வேண்டாம். ஒரே வாசல் போதும்." இப்போது ஓசை நிறைந்துவிட்டது. கரிச்சானுக்குத் தன் மேலேயே ஒரு பிரியம் வந்தது.

மறுநாள் காலை மருத மரத்திலிருந்து அழுங்கின் குரல் கேட்டது. பறவை பேசுகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அழுங்கு எங்கோ இலை மறைவில் நின்று சொல்வதாகவே எல்லாரும் நினைத்தார்கள். அழுங்கோ பகலெல்லாம் தூங்குகிற பிராணி. தன் குரல் விலைபோவது அதற்குத் தெரியாது. பெருச்சாளிகளும் அந்நேரம் வளைக்குள் கல்லும் களிமண்ணுமாக இருந்தன, காதில் வாங்கவில்லை.

பத்தே நாளில் ஓடைக்கரையில் வளைக்கு வளை கதவு தொங்கியது.

பதினோராம் நாள் வயலெலி ஒருத்தி மரத்தடிக்கு வந்தாள். போன மழையில் ஓர் ஈற்றுக் குஞ்சுகள் அத்தனையையும் வெள்ளத்துக்குப் பறிகொடுத்தவள். இப்போது வளைக்குள் ஐந்து குஞ்சுகள். ஒன்றும் இன்னும் கண் திறக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"அழுங்கு அக்கா நிஜமாவே அப்படிச் சொன்னாங்களா? பின்வாசல்கூட வேண்டாம்னு?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் கீரியும் உடும்பும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தன.

"அவங்க குரலை நீயே கேட்டியேம்மா."

"கேட்டேன். அதனாலதான் தைரியம் வந்துச்சு. அந்தப் பின்வாசல் வழியாத்தான் பாம்பு வருமோன்னு பொழுதுக்கும் பயம். அடைச்சிடறேன்."

அவள் போனபிறகும் கரிச்சான் அவள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே சின்னப் பெருச்சாளிகள் இரண்டும் போய் அவள் வாசலில் கல்லை மாட்டின. அண்ணன் அவற்றிடம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. பேசுவதெல்லாம் கரிச்சான் வேலை என்று அவையும் வாய் திறக்கவில்லை. மாட்டும்போது சொல்லியிருப்பார்கள் என்று கரிச்சான் நினைத்துக்கொண்டது. அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் விடியும்போதே மலைப்பக்கம் கறுத்துவிட்டது. வெயில் ஏற வேண்டிய நேரத்தில் ஓடை கரையேறியது. தொப், தொப் என்று கரை நெடுகக் கல் விழுந்தது.

"விழுந்திடுச்சு! எல்லாம் விழுந்திடுச்சு!" என்று சின்னப் பெருச்சாளிகள் சேற்றில் குதித்தன. ஒரு கதவும் பிசகவில்லை.

ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியே மேட்டுக்கு வந்தார்கள். வெகு நாளாகக் கிடந்த பின்வாசலை அடைக்க மற்றவர்களுக்குச் சோம்பல். கீரி வந்தது. உடும்பு வந்தது. தண்ணீர் இரைச்சலில் தூக்கம் கலைந்து அழுங்கும் வந்தது. கரிச்சான் கிளையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. வயலெலி வரவில்லை.

பறந்துபோய் மேட்டில் தேடியது. பின்வாசல் இருந்த இடத்தில் களிமண் வழவழவென்று பூசியிருந்தது. நல்ல கைவேலை. கரிச்சான் அலகால் கொத்திப் பார்த்தது. அலகுதான் வலித்தது.

"அக்கா, இங்கே வாங்க. தோண்டுங்க. உள்ளே குஞ்சுகள் இருக்கு."

"இந்த மழையில எவ பின்வாசலை அடைச்சுவச்சா?" என்று கேட்டுக்கொண்டே அழுங்கு நகத்தைப் போட்டது.

"அப்புறம் சொல்றேன் அக்கா. முதல்ல தோண்டுங்க."

மூத்த பெருச்சாளியும் ஓடிவந்து பக்கத்தில் தோண்டியது. அது எதுவும் கேட்கவில்லை. களிமண் பூச்சைப் பார்த்ததுமே அதற்கு விளங்கிவிட்டது. ஈர மண் தோண்டத் தோண்டச் சரிந்தது. உள்ளே சத்தம் இல்லை.

கடைசியில் ஒரு துளை விழுந்தது. வெப்பமான, புளித்த காற்று வெளியே வந்தது. அதன் பின்னால் வயலெலியின் மூக்கு. குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கொண்டுவந்து புல்லில் போட்டாள். நான்கு அசைந்தன. ஐந்தாவது அசையவில்லை. அவள் அதை நக்கினாள். திருப்பிப்போட்டு நக்கினாள். வெகுநேரம் கழித்து அதன் வயிறு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு முறை.

வயலெலி அழுங்கைப் பார்த்தாள். "உங்க வார்த்தையை நம்பித்தான் அடைச்சேன் அக்கா."

"என் வார்த்தையா? என்ன வார்த்தை?"

"பின்வாசல்கூட வேண்டாம், ஒரே வாசல் போதும்னு."

"நானா? இந்தா, நானே என் பின்வாசல் வழியாத்தான் வந்திருக்கேன். நான் எப்போம்மா அப்படிச் சொன்னேன்?"

கிளைக்குப் பறந்துவிடலாம் என்று கரிச்சானுக்குத் தோன்றியது. இறக்கை விரியவில்லை. சேற்றிலேயே நின்றது.

"நான்தான் சொன்னேன்" என்றது. "அவங்க குரல்ல நானே சொன்னேன்."

இம்முறை அதன் சொந்தக் குரல்தான். மெலிந்து, கீச்சென்று இருந்தது. யாருக்கும் அது பழக்கமான குரலாகப் படவில்லை.

"அப்போ அன்னிக்கு உங்களை வந்து கேட்டேனே அண்ணே?" என்றாள் வயலெலி.

கரிச்சான் தன் கால்களைப் பார்த்தது.

அவள் திட்டவில்லை. ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு மேலே பாறை இடுக்குக்குப் போனாள். திரும்பி வந்தாள். இன்னொன்றைக் கவ்வினாள். ஐந்து முறை கரிச்சானைத் தாண்டித்தான் போனாள். ஒருமுறைகூட அண்ணே என்று கூப்பிடவில்லை.

"தப்பு எனக்கும்தான்" என்றது மூத்த பெருச்சாளி. "கேட்டுட்டுச் சும்மா போனேனே." தம்பிகளைக் கூட்டிக்கொண்டு, வளை வளையாகப் போய்ப் பின்வாசலைப் பற்றிச் சொல்லக் கிளம்பியது. கீரியும் உடும்பும் மெல்ல நழுவின.

அழுங்கு மட்டும் நகத்திலிருந்த மண்ணை உதறிக்கொண்டு நின்றது.

"நல்ல கதவுதான்" என்றது. "நாளைக்கு எவன் கேட்டாலும் நானே சொல்லியிருப்பேன். இனி நான் சொன்னாலும், பறவை பேசுதா அழுங்கு பேசுதான்னுதான் பாப்பாங்க."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"அதை அவகிட்டப் போய்ச் சொல்லு" என்றது அழுங்கு. பிறகு செதில்கள் சலசலக்க, திரும்பிப் பார்க்காமல், மழைக்குள் நடந்து போய்விட்டது.

ஒரு பொருளின் நிறையைச் சொல்கிற வாய் அதன் குறையையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மூச்சு முட்டுவது அதை நம்பினவருக்குத்தான்.