முதுகில் ஏறிய வெல்லம்

வாய்க்குள் போனதும் காணாமல் போகும். காணாமல் போனதும் தேட வைக்கும். அது என்ன?

ஐஸ்கட்டி என்கிறீர்களா? கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். ஆனால் ஐஸ்கட்டியை யாரும் கனவில் நக்குவதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்: வெல்லம். அதைக் கனவில் நக்கிய ஒரு கரடியின் கதை இது.

மலையடிவாரக் காட்டில் வெள்ளையம்மா என்று ஒரு கரடி இருந்தது. உடம்பெல்லாம் கன்னங்கறுப்பு. நெஞ்சில் மட்டும் பிறைபோல ஒரு வெள்ளைக் கோடு. அதனால்தான் அந்தப் பெயர். அதன் குட்டியின் பெயர் உப்பிலி. கரடிக் குட்டிகள் தாயின் முதுகில் ஏறித்தான் ஊர் சுற்றும். உப்பிலியும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து அம்மாவின் முதுகு மயிரைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்தது.

வெள்ளையம்மாவுக்கு ஓர் அக்கா உண்டு. அது மலை உச்சியில் ஓர் இலுப்பை மரத்தடியில் இருந்தது. வெகு காலத்துக்கு முன்பு வேடன் வைத்த கண்ணியில் சிக்கி அதன் முன்னங்கால் ஒன்று வளைந்துவிட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டு செங்குத்துப் பாறையில் இறங்க முடியாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் பங்குனியில் இலுப்பைப் பூ உதிரத் தொடங்கியதும் வெள்ளையம்மாதான் மேலே ஏறிப் போகும். இரண்டும் ஒரே மரத்தடியில் முதுகோடு முதுகு சாய்ந்து படுத்திருக்கும். பூ விழ விழத் தின்னும். அதிகம் பேசிக்கொள்ளாது. பூ தீர்ந்ததும் வெள்ளையம்மா இறங்கி வரும். அடுத்த பங்குனிக்கு இரண்டும் காத்திருக்கும்.

இப்படி இருக்கும்போது காட்டு ஓரத்தில் ஒரு வெல்லக் கொட்டகை வந்தது. பெரிய கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதித்தது. மேலே வரும் நுரையையும் கசடையும் ஆட்கள் அள்ளி, வெளியே ஒரு பள்ளத்தில் கொட்டினார்கள். காற்று காட்டுப் பக்கம் வீசியது.

வெள்ளையம்மா மூக்கைத் தூக்கியது. போய்ப் பார்த்தது. நக்கியது. அவ்வளவுதான்!

அதன் பிறகு புற்று எது, அத்தி மரம் எது என்பதெல்லாம் அதற்கு மறந்துபோயிற்று. விடிந்தால் பள்ளம், பொழுது சாய்ந்தால் பள்ளம். வயிறு தரையைத் தொட்டது. கடைவாய்ப் பல் வலித்தது. போன பங்குனியில் மலை ஏறப் பார்த்து, பாதி வழியில் மூச்சு வாங்கித் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் உப்பிலி பிறந்தது. தங்கைக்கு இப்படி ஒரு பிள்ளை இருப்பதே மலை உச்சியிலிருந்த அக்காவுக்குத் தெரியாது.

இதில் ஒருவருக்கு மட்டும் கொண்டாட்டம். அது நரி. கரடி பள்ளத்துக்கு வந்தால் கொட்டகை நாய்கள் எல்லாம் அங்கே ஓடிப்போய்க் குரைக்கும். அந்த நேரத்தில் நரி பின்பக்கமாக நுழைந்து கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும்!

இன்னொருவருக்குப் பெரிய நஷ்டம். அது செதிலன் என்ற அழுங்கு. உடம்பு முழுக்கச் செதில் உள்ள, எறும்பும் கறையானும் தின்கிற பிராணி. வெயில் காலத்தில் புற்று கல்லாக இறுகிவிடும். முன்பெல்லாம் வெள்ளையம்மா நகத்தால் புற்றின் தலையை உடைக்கும். மூக்கை மூடிக்கொண்டு மண்ணை ஊதித் தள்ளி, உர்ரென்று கறையானை உறிஞ்சும். கரடிக்கு எட்டாத சந்துகளில் செதிலன் தன் நீள நாக்கை விடும். இப்போது உடைக்க ஆள் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை. மலை உச்சியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "உம்ம்ம்..."

வெள்ளையம்மா அப்படியே நின்றுவிட்டது.

"அது யாரும்மா?" என்றது உப்பிலி.

"உன் பெரியம்மா. பூ மொட்டு விட்டிருச்சு, கிளம்பி வான்னு கூப்பிடுறா."

"பெரியம்மா எப்படி இருப்பா?"

"என்னை மாதிரிதான். காதோரம் கொஞ்சம் நரை."

"அவ மேல என்ன வாசனை வரும்?"

வெள்ளையம்மா கண்ணை மூடி யோசித்தது. வெல்ல வாசனைதான் வந்தது. அக்காவின் வாசனை எவ்வளவு தேடியும் வரவில்லை.

அன்றுதான் அதற்குப் பயம் வந்தது. நேராகச் செதிலனிடம் போயிற்று.

"செதிலா, நான் மலை ஏறணும்."

"நீயா? உன்னைத் தூக்கிட்டுப் போக யானைகிட்டதான் சொல்லணும்!"

"கிண்டல் பண்ணாதே. எங்க அக்கா கூப்பிடுறா. வெல்லத்தை இன்னிக்கே விட்டுடப் போறேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. சாயந்தரமே பள்ளத்தில் உன் பின்பக்கம்தான் தெரிஞ்சுது!" என்று சிரித்தது செதிலன். பிறகு, "ஒண்ணு செய். ஒரேயடியா விடாதே. காலையில் இங்கே வந்து புற்றை உடை. வயிறு நிறையத் தின்னு. சாயந்தரம் மட்டும் பள்ளத்துக்குப் போ. பசியோட மட்டும் போகாதே" என்றது.

"இதில் உனக்கு என்ன லாபம்?"

"கறையான்தான்! வேற என்ன?"

வெள்ளையம்மா அப்படியே செய்தது. முதலில் எல்லாமே மண்ணாக இருந்தது. கறையான் மண். அத்திப்பழம் மண். இலந்தைப்பழம் புளித்த மண். பொழுது சாயும்போது கொப்பரை கொதிக்கும் வாசனை காற்றில் வரும். வெள்ளையம்மா காற்று வரும் பக்கம் திரும்பி நிற்கும். கால் தானாக நகரும். தூக்கத்தில் நாக்கு வெளியே வந்து வெறும் காற்றை நக்கும். காலையில் எழுந்தால் அழுகை வரும். காரணம் சொல்லத் தெரியாது.

ஆனால் பள்ளத்தில் நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. மாசி முடிவதற்குள் ஒரு நாள், ஓர் அத்திப்பழத்தைக் கடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"செதிலா! இந்த மரத்தில் யார் வெல்லம் தடவினது?"

"யாரும் தடவலை. உன் நாக்கு வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கு."

பங்குனி பிறந்தது. மேலிருந்து இலுப்பைப் பூ மணம் இறங்கி வந்தது. "உம்ம்ம்..." என்று அக்கா அடிக்கடி கூப்பிட்டது. வெள்ளையம்மாவின் வயிறு இப்போது தரையைத் தொடவில்லை. உப்பிலியை முதுகில் ஏற்றிக்கொண்டு மலையேறக் கிளம்பிற்று.

முதல் பாறை ஏறியாயிற்று. இரண்டாவது பாறையில் கால் நடுங்கிற்று. மூன்றாவதில் நகம் வழுக்கிற்று. மூச்சு வாங்கிற்று. ஓர் அடி ஏறினால் இரண்டு அடி சறுக்கியது. கடைசியில் சறுக்கிச் சறுக்கிக் கீழேயே வந்து விழுந்தது.

"நான்தான் குறைச்சுட்டேனே! பிறகும் ஏன் ஏற முடியலை?" என்று அழுதது.

அடிவாரத்தில் நின்ற செதிலன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தது. உப்பிலி கன்னம் உப்ப, வயிறு உப்ப, அம்மாவின் முதுகில் மூட்டைபோல உட்கார்ந்திருந்தது. வாயோரத்தில் காய்ந்த வெல்லம் ஒட்டியிருந்தது.

"வெள்ளையம்மா, நீ தின்னாததையெல்லாம் யார் தின்னது?"

வெள்ளையம்மா தலையைக் குனிந்துகொண்டது.

நடந்தது இதுதான். தான் குறைத்த பிறகும் அது குட்டியைத் தினமும் பள்ளத்தோரம் கொண்டுபோய் இறக்கிவிட்டது. உப்பிலி வயிறு புடைக்க நக்கும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம்தான். பிறகு மெல்லத் திரும்பி, குட்டி நக்குவதையே பார்த்துக்கொண்டிருக்கும். தன் வாயில் இல்லாத ருசி பிள்ளையின் வாயில் இருக்கிறதே என்று அதற்கு ஓர் ஆறுதல்.

"வளர்ற பிள்ளை! அதுக்கு என்ன தெரியும்? கேட்கும்போது எப்படி இல்லேன்னு சொல்றது?" என்றது.

"சரி, சொல்லாதே. வயிற்றில் சுமந்ததை முதுகுக்கு மாத்திட்டே. கனம் அதேதான்!" என்றது செதிலன்.

அன்று சாயந்தரம் உப்பிலியைப் பள்ளத்தில் சீக்கிரமே தூக்கிக்கொண்டது வெள்ளையம்மா. அடுத்த நாள் அதைவிடச் சீக்கிரம். உப்பிலி காடே அதிர அழுதது. அம்மாவின் காதைக் கடித்தது.

"நீ கெட்ட அம்மா!"

"ஆமா."

"எனக்கு நுரை வேணும்!"

"இந்தா, அத்திப்பழம்."

"த்தூ! சப்புன்னு இருக்கு!"

"எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று மட்டும் சொன்னது வெள்ளையம்மா. தன் பங்குப் பழத்தையும் குட்டியின் பக்கம் தள்ளி வைத்தது.

பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. மேலிருந்து வரும் மணம் மெலிந்தது. அக்காவின் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் காலையிலும் மாலையிலும் கேட்டது. பிறகு காலையில் மட்டும். பிறகு ஒரு காலை கேட்கவே இல்லை. வெள்ளையம்மா அன்று முழுவதும் புற்றை உடைக்கவில்லை. மலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. செதிலனும் பசியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கேலி எதுவும் செய்யவில்லை.

மறுநாள் மறுபடி ஒரு "உம்ம்ம்..." வந்தது. மிகச் சின்னதாக.

"இனிமே காத்திருக்க முடியாது" என்று எழுந்தது வெள்ளையம்மா.

உப்பிலி முன்பைவிட இளைத்துத்தான் இருந்தது. ஆனாலும் சுமந்துகொண்டு செங்குத்துப் பாறையில் ஏறும் அளவுக்கு இளைக்கவில்லை. அதை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. காட்டில் சிறுத்தை உண்டு. ஒரே வழிதான் இருந்தது. வெள்ளையம்மா பாறையடியில் படுத்து, முதுகைச் சாய்த்து, குட்டியை இறக்கிவிட்டது.

"உப்பிலி, நீ நடந்து ஏறணும்."

"நானா? கரடிக் குட்டி நடக்காது! முதுகில்தான் போகும்!"

"உனக்கு நாலு கால் இருக்கு. நகமும் இருக்கு. நான் பின்னாடியே வரேன். வழுக்கினா என் தலைமேல்தான் விழுவே."

"மாட்டேன்!"

அந்த நேரம் பார்த்து நரி வந்தது. அதன் வாயில் ஒரு வெல்லக் கட்டி இருந்தது. கொட்டகைக்குள் புகுந்து திருடிக்கொண்டு வந்தது. நுரையும் இல்லை, கசடும் இல்லை. நல்ல மஞ்சள் கட்டி. கரடி பள்ளத்துக்கு வருவது குறைந்ததிலிருந்து நாய்கள் பின்பக்கமே படுத்துக் கிடந்தன. நரிக்குக் கோழி கிடைக்கவில்லை.

"அடடா! பச்சைக் குழந்தையைப் போய்ப் பாறை ஏறச் சொல்றியே, உனக்கு மனசே இல்லையா தாயீ?" என்று கட்டியைக் குட்டியின் முன்னால் வைத்தது நரி. "நீ தின்னுடா தங்கம். அம்மா இன்னிக்குப் போகலைன்னா என்ன? மலை எங்கேயும் ஓடிடாது. அடுத்த வருஷம் போனால் போச்சு!"

"போன வருஷமும் இதைத்தானே சொன்னே, நரி" என்றது வெள்ளையம்மா.

உப்பிலி கட்டியைப் பார்த்தது. அதன் மூக்கு துடித்தது. எச்சில் ஒழுகியது. வெள்ளையம்மாவுக்கும் ஊறியது. அது அதை மறைக்கவில்லை.

"எனக்கும் வேணும்போலத்தான் இருக்குடா" என்றது. "ஆனா எனக்கு எங்க அக்கா அதைவிட அதிகமா வேணும். உன்னைச் சுமக்க என்னால் முடியலை. உன்னை விட்டுட்டுப் போகவும் மாட்டேன். நீ வந்தா நானும் போவேன். நீ வரலைன்னா இங்கேயே உன் பக்கத்தில் இருப்பேன். உன்னைத் திட்டமாட்டேன்."

நரி வாலை ஆட்டியது. செதிலன் பயத்தில் பந்துபோலச் சுருண்டுகொண்டது. செதில் இடுக்கு வழியே ஒரு கண்ணால் மட்டும் பார்த்தது.

அப்போது பாறை உச்சியில் ஒரு தலை தெரிந்தது. காதோரம் நரைத்த தலை. வளைந்த காலை ஊன்றிக்கொண்டு எவ்வளவு தூரம் குனிய முடியுமோ அவ்வளவு தூரம் குனிந்து கீழே பார்த்தது. வெள்ளையம்மாவைக் கண்டது. பிறகு அதன் பக்கத்தில் நின்ற சின்னக் கறுப்பு உருவத்தையும் கண்டது.

"தங்கச்சி! அது யாரு?"

வெள்ளையம்மா குட்டியைப் பார்த்தது. நரி குட்டியைப் பார்த்தது. மேலே இருந்த பெரியம்மாவும் குட்டியைத்தான் பார்த்தது.

நாம் குறைத்த இனிப்பை நம் குழந்தைக்குக் கொடுத்தால், நம் வீட்டில் எதுவும் குறைந்ததாகாது.

உப்பிலி அந்த வெல்லக் கட்டியை ஒரு முறை நக்கியது. மீதியை அங்கேயே விட்டுவிட்டுப் பாறையில் ஏறியது.