மோழை மீது வந்த வழக்கு

ஊமத்தம்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அதுதான் அவர்களைப் பிடித்த சனியன். குடிநீரைச் சோதிக்க வந்த செல்வநாயகி, "பாட்டில் வாயில கை படாம ஊர்க் கிணத்துத் தண்ணியப் புடிச்சிட்டு வாங்க" என்றதும், காத்தமுத்து பாட்டில் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டு கிணற்றில் இறங்கி ஏறினான். கை படவேயில்லை. அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, வேறு பாட்டிலில் தானே பிடித்துப் போனார்.

மூன்றாம் நாள் முடிவோடு வந்தார். தண்ணீரில் கிருமி இருக்கிறதாம்.

"இந்தக் கிருமி பெருசா கெடுதல் செய்யாது. தண்ணியில சாணி, மலம் கலந்திருந்தா காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். மாடு கீடு கிணத்துப் பக்கம் வருதா?"

ஊரே காத்தமுத்துவைப் பார்த்தது. ஊரில் இருந்த ஒரே மாடு அவனுடைய கொம்பில்லாத எருமை மோழைதான். அவன் பதறிப்போனான். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனபோதுகூட அவன் இப்படிக் கலங்கியதில்லை.

உடனே பஞ்சாயத்து கூடியது. கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து நடுவில் வைத்து, பஞ்சாயத்துத் தலைவர் ஒச்சப்பன், சாட்சி சொன்ன கிருமிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"சாட்சி பலமா இருக்கு. மோழைய ஊர விட்டு விரட்டணும்."

காத்தமுத்து அழுதேவிட்டான். "சாட்சி மோழை பேரச் சொல்லுச்சா, மாமா?"

ஒச்சப்பன் சொம்பில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். "பேரச் சொல்ல மாட்டேங்குது. இத்தன பேரப் பாத்ததும் கூச்சப்படுது."

செல்வநாயகிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அத முழுசா நம்ப முடியாது. நம்ம மாதிரி வெயில் ஊர்ல இந்தக் கிருமி மண்ணுலயே குடியிருக்கும். மழை பெஞ்சா மண்ணோட கிணத்துக்குள்ள வந்துரும். மறுபடி சோதிக்கணும். அதுவரைக்கும் கிணத்துல மண்ணு விழாமப் பாத்துக்குங்க, தண்ணியக் காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப குத்தவாளி மண்ணு!" என்றார் ஒச்சப்பன். பொன்னாடை உருவப்பட்டது. மோழைக்கு விடுதலை, மண்ணுக்கு ஊர்விலக்கு. காத்தமுத்து மோழையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமாய்க் கொடுத்தான்.

தீர்ப்பை நிறைவேற்ற ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. கிணற்றைச் சுற்றி இருந்த மண்ணை வெட்டி எல்லைக்கு அப்பால் கொட்டினார்கள். வெட்டிய இடத்தில் பார்த்தால் இன்னும் மண். விடுவார்களா? அதையும் வெட்டினார்கள்.

பத்து நாள் கழித்து வந்த செல்வநாயகி கிணற்றைத் தேடினார். கிணறு இருந்த இடத்தில் கலங்கலாய் ஒரு பெரிய குட்டை கிடந்தது. நடுவில் மோழை சுகமாய்க் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

"ஐயையோ! குடிக்கிற தண்ணிக்குள்ளயே சாணி போடுதேய்யா!"

காத்தமுத்து கோபத்தோடு நிமிர்ந்தான். "வீணா பழி போடாதீங்க, மேடம். அது போடலன்னு பஞ்சாயத்துத் தீர்ப்பே இருக்கு."