ஜன்னலோர இருக்கை

"எவ்வளவு படிச்சாலும் கையில ஒட்டமாட்டேங்குது," என்றார் இளவழகன்.

ரெஜினா திரையிலிருந்து திரும்பவில்லை. "எத்தனை கோர்ஸ் முடிச்சீங்க சார்?"

"எண்ணல. சர்டிபிகேட் எல்லாம் இருக்கு. பார்க்கறீங்களா?"

"வேண்டாம்."

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அவளுக்கு முப்பதைத் தாண்டிச் சில வருடங்கள் இருக்கலாம். சிறுசேரியில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் எதுவும் திடீரென்று நின்றுபோனால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் குழுவில் ஒரு இடம் காலியாக இருந்தது.

இளவழகன் பல வருடம் மேலாளராக இருந்தவர். அவர் நடத்திய வேலை முடிந்ததும் குழுவைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிட்டார்கள். அவரை மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது அவர் 'பெஞ்ச்'சில் இருந்தார்.

பெஞ்சில் இருப்பவருக்குச் சம்பளம் உண்டு, வேலை கிடையாது. சொந்தமாக மேஜையும் கிடையாது. காலையில் வந்து, இன்று யார் விடுப்பு என்று விசாரித்து, அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு குழு சேர்த்துக்கொள்ளாவிட்டால் அவராகவே விலகிக்கொள்வது நல்லது என்று ஹெச்.ஆர் பெண் மிக மரியாதையாகச் சொல்லியிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை இன்டர்வியூவில என்ன கேப்பீங்கன்னு கோடி காட்டினா, தயார் பண்ணிப்பேன்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"இந்த இடம்தான்."

"அது வெள்ளிக்கிழமைக்கு. உங்களுக்கு?"

அந்த வரிசையில் நான்கைந்து பேர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கவே அவர் சில நாள் இந்தப் பக்கம் நடப்பதுண்டு. கையில் காபிக் கோப்பை இருந்தால் யாரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.

"சாப்பாட்டு நேரம் தவறாம வந்துடுது," என்றார்.

"புரியல சார்."

"முன்னெல்லாம் புரோகிராம் எழுத உட்கார்ந்தா பசிக்காது. யாராவது வந்து, யோவ், கேன்டீன் மூடப்போறான்யான்னு தோளைப் பிடிச்சு உலுக்கணும். அப்புறம் மேனேஜர் ஆக்கினாங்க. அன்னியிலேர்ந்து கேன்டீன் திறக்கும்போதே வரிசையில நிக்கறேன். ஒரு நாள்கூடத் தப்பல." காபிக் கோப்பையை மேஜையில் வைத்தார். "பசிக்காத அப்படி ஒரு நாள் இன்னொரு தடவை வேணும். ஒண்ணே ஒண்ணு போதும்."

ரெஜினா அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு ஓரத்திலிருந்த கணினி ஒன்றை உயிர்ப்பித்தாள்.

"இது பஸ் டிக்கெட் பதிவு பண்ற மென்பொருளோட நகல். பழகறதுக்காக வெச்சிருக்கோம். நிஜ பஸ்ஸும் இல்ல, நிஜப் பயணியும் இல்ல."

"சரி. இதுல என்ன சரி பண்ணணும்?"

"கெடுக்கணும்."

"என்னது?"

"கெடுங்க சார்," என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலை அவளுக்கு ஒரு மெயில் வந்திருந்தது. நிரலில் எந்த வரியை நீக்கப் போகிறார், எப்போது நீக்குவார், அதனால் என்னென்ன பாதிப்பு வரலாம், யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. கடைசியில், தங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறேன்.

ரெஜினா எழுந்து அவரிடம் போனாள். "யாரோட அனுமதிக்கு வெயிட் பண்றீங்க?"

"உங்களோடதுதான்."

"நான் இன்னிக்கு லீவு."

அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்து மேஜையிலிருந்த பர்வீன் சிரித்துவிட்டாள். "கெடுக்கறதுக்குமா சார் மெயில் போடுவாங்க? எங்கம்மாவைக் கேளுங்க. நான் யார் பர்மிஷனும் இல்லாமத்தான் கெட்டுப்போனேன்னு சொல்வாங்க."

இளவழகனும் சிரித்தார். ஆனால் அன்று முழுவதும் அந்த வரியின் மேல் கர்சரை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாலையில் வந்து, "நிறுத்திட்டேன்," என்றார்.

ரெஜினா போய்ப் பார்த்தாள். கணினியையே அணைத்திருந்தார்.

"இது கெடல சார். தூங்குது."

அதற்கடுத்த நாள் அவர் உண்மையாகவே ஒரு வரியை நீக்கினார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள் வந்தன. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே கை பழைய பிரதியை எடுத்துப் போட்டுவிட்டது. எல்லாம் முன்பு போலவே ஓடியது. ரெஜினாவைத் தேடிக்கொண்டு போய், "கெடுத்தேன். ஒரு நிமிஷத்துல சரியும் பண்ணிட்டேன்," என்றார்.

"என்ன சொல்லிச்சு?"

"எது?"

"சிவப்பா வந்துதே, அது."

"படிக்கல."

"ஏன் படிக்கல?"

"அதுக்குள்ள கிளையன்ட் பார்த்துட்டா..."

"எந்தக் கிளையன்ட் சார்?"

இளவழகன் திரும்பித் தன் திரையைப் பார்த்தார்.

மேலாளராக இருந்த காலம் முழுவதும், எங்காவது சிவப்பாக ஏதாவது வந்தால் அவர் முதலில் கேட்டது யார் செய்தது என்பதுதான். அடுத்து, எப்போது சரியாகும். மேலிடத்துக்குத் தெரியுமா என்றும் சில சமயம் கேட்டிருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதாக ஞாபகம் இல்லை.

ரெஜினா குனிந்து ஏதோ தட்டினாள். "பழைய பிரதியை அழிச்சிட்டேன்."

"ஐயோ, எதுக்கு? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப நான் கெடுத்துட்டேன்னா எதை வெச்சுத் திருப்பறது?"

அவள் டீ குடிக்கப் போய்விட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று மணிக்கு இன்டர்வியூ.

ரெஜினாவின் வரிசையில், விடுப்பில் போன யாரோ ஒருவருடைய நாற்காலியில் இளவழகன் உட்கார்ந்தார். மேஜையில் அந்த ஆளின் தண்ணீர் பாட்டிலும் ஒரு குழந்தையின் படமும் இருந்தன. படத்தை அசைக்காமல் கீபோர்டை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பஸ் டிக்கெட் நகலைத் திறந்தார். இடம் கிடைக்காவிட்டால் ஹெச்.ஆர் பெண்ணுக்கு என்ன பதில் எழுதுவது என்று காலையில் பேருந்திலேயே யோசித்து முடித்திருந்தார். அதனால் இனி யோசிக்க ஒன்றும் இல்லை.

புதிய ஊரில் தெருவைப் பார்த்துக்கொண்டு நடப்பது போல, நிரலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் நின்றார். அங்கே ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியாது. அந்த ஒரு வரியை அழித்தார்.

சிவப்பு எதுவும் வரவில்லை.

காத்திருந்தார். ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. ஒரு வரி போயிருக்கிறது. எங்கேயாவது வலிக்க வேண்டாமா?

ஒரு டிக்கெட் போட்டுப் பார்த்தார். நாகர்கோவில் பஸ், ஏழாம் எண், ஜன்னலோரம். கிடைத்தது. மனைவி பெயரில் அதே பஸ், அதே இருக்கை கேட்டார். அதுவும் கிடைத்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தன் பழைய குழுவின் திலகர் பெயரில் கேட்டார். கிடைத்தது. ஷோபனா பெயரில். கிடைத்தது. ஹைதராபாத் போன அந்தோணி, வேலையை விட்டுவிட்டு மாவுக்கடை வைத்த குமரகுரு, மூன்று மாதமாக அவர் கூப்பிட்டால் எடுக்காத சுகந்தி. அவருடைய குழுவில் இருந்த ஒருவர் பாக்கியில்லாமல் அந்த ஜன்னலோரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யார் கேட்டாலும் அந்த இருக்கை இல்லையென்று சொல்லவில்லை.

இளவழகன் சத்தமாகச் சிரித்தார். பர்வீன் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், கெட்டுடுச்சா?"

"நல்லாவே," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அழித்த வரியைத் திரும்ப எழுதினார். பிரதி இல்லை, நினைவிலிருந்துதான் எழுதினார். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். இனி அந்த இருக்கை யாருக்கும் கிடைக்கக் கூடாது.

ரெஜினா பெயரில் கேட்டார்.

கிடைத்தது.

மறுபடி சரிபார்த்தார். வரி சரியாகத்தான் இருந்தது. பர்வீன் பெயரில் கேட்டார். பர்வீனும் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன்?" என்றார் திரையிடம்.

நிரலின் எந்தப் பகுதி அந்த வரியைக் கூப்பிடுகிறது என்று தேடிக்கொண்டு மேலே போனார். அங்கிருந்து இன்னொரு கோப்புக்கு. அதற்குள் ஒரு கதவு, அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னொன்று. ஒரு காகிதத்தில் கட்டங்கள் போட்டார், அம்புக்குறி இழுத்தார், அடித்தார். திரும்பத் தொடங்கிய இடத்துக்கே வந்தார். யாரோ அவரைக் கூப்பிட்டது போலிருந்தது. கையை மட்டும் ஆட்டினார்.

"சார்."

மறுபடியும், "சார்."

ரெஜினா அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். திரையைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

"ஓ, இதுவா. எங்க சிக்கியிருக்குன்னு தெரியும் சார். கொஞ்சம் நகருங்க, காட்டறேன்."

அவருடைய தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

இளவழகனின் உள்ளங்கை கீபோர்டின் மேல் விரிந்து விழுந்தது.

"தொடாத!"

அவர் அவளை ஒரு நாளும் ஒருமையில் அழைத்ததில்லை. வரிசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பர்வீன் தலையைத் தூக்கினாள்.

ரெஜினா கையை எடுத்துக்கொண்டாள்.

"மூணு மணிக்குத்தானே இன்டர்வியூ? வந்துடறேன்," என்றார் அவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "ஒரே ஒரு நிமிஷம்."

"இப்ப அஞ்சரை சார்."

அவருடைய விரல்கள் நின்றன.

"ஹெச்.ஆர்ல இருந்து கேட்டாங்க. ஆள் வேலையில இருக்கார்னு சொல்லிட்டேன்."

கீழே கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும் சத்தம் கேட்டது.

இளவழகன் மெதுவாகக் கையை இறக்கி, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.