கோபுரப் படத்தில் இருந்த கறை

ஷிசுகோ என்றால் அமைதியான பெண் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் ஏதோ ஆசையில் வைத்துவிட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு ஓரிடத்தில் இருந்ததைக் கியோத்தோ நகரில் பார்த்தவர் யாரும் இல்லை.

கணவர் இவாவோ இறந்த பிறகு, வெறும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், புகைப்படம் கழுவக் கற்றுக்கொள்ள வந்தாள். கற்றுக் கொடுத்தவர் என்ஷின் என்ற துறவி. ஐந்தடுக்குக் கோபுரம் நிற்கும் பழைய கோயிலின் பின்கட்டில் அவருக்கு ஓர் இருட்டறை இருந்தது. குருவுக்குச் சிஷ்யையின் மகன் வயதுதான். "குருவே" என்று பணிவாகக் கூப்பிடுவாள். அதே மூச்சில் "என்ன இப்படி இளைத்துவிட்டீர்கள், சாப்பிடுகிறீர்களா இல்லையா" என்றும் அதட்டுவாள்.

அன்று ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கறுப்பு வெள்ளையில் அதே ஐந்தடுக்குக் கோபுரம். கூரைமேல் கூரையாக ஏறிப் போய் வானத்தைத் தொட்டது. முற்றத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. இவாவோ எடுத்த படங்களில் பேர் வாங்கியது அதுதான். அவருடைய முதலாண்டு நினைவு நாளில் கோயில் மண்டபத்தில் மாட்டப் போகிறார்கள்.

"கோபுரத்தின் அடியில் பாருங்கள் குருவே. வெள்ளையாக ஒரு கறை. மை வைத்து மறைக்க வேண்டும்."

தூசி விழுந்த இடம் படத்தில் வெள்ளையாக நின்றுவிடும். மெல்லிய தூரிகையில் மை தொட்டு அதை நிரப்புவார்கள். அந்த வேலையை முந்தின வாரம்தான் குரு அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்.

குரு தூரிகையை எடுக்கவில்லை.

"படத்தை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லையா?"

"வேண்டாம். அவர் ஆசைப்பட்டது கோபுரத்தின் மேல். கோபுரத்தின் பக்கத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும்."

குரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாவிட்டால் அவள் பேசிவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும்.

"கல்யாணமான புதிதில் எடுத்தது. கோபுரத்தடியில் போய் நில் என்றார். போய் நின்றேன். படத்தைக் கழுவிக் கொண்டுவந்தார், பார்த்தால் நான் இல்லை. கோபுரம் மட்டும் ஜம்மென்று நிற்கிறது. அதற்குப் பிறகும் வருஷா வருஷம், இலை பழுக்கிற காலத்தில் கூட்டிக்கொண்டு வருவார். அதே இடத்தில் நிறுத்துவார். எடுப்பார். 'டக்' என்றதும் நான் நாலு பேரிடம் பேசப் போய்விடுவேன், அவர் காமிராப் பக்கத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றிலாவது நான் இருக்க வேண்டுமே."

"அவரிடம் கேட்டீர்களா?"

"கேட்காமல் விடுவேனா? சிரிப்பார். அந்த மனிதர் வாயிலிருந்து வார்த்தை வாங்க முடியுமா? சொல்லுங்கள் குருவே, கோபுரத்தைக் கட்டிக்கொண்டவருக்குப் பெண்டாட்டி எதற்கு?"

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரலில் வேடிக்கை இல்லை. ஆயுசு முழுக்கச் சுமந்த மனத்தாங்கல் அது, பாவம்.

குரு எழுந்து காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வாருங்கள்."

முற்றத்தில் நல்ல வெயில், நல்ல கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு வந்து கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். குரு காமிராவை ஒரு முக்காலியில் நிறுத்தி, லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தினார்.

"கோபுரத்தடியில் போய் நில்லுங்கள், அம்மா."

"இந்தக் கூட்டத்திலா?"

"நில்லுங்கள்."

நின்றாள். 'டக்' என்று சத்தம் கேட்டது. எடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். சருகு பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் போய் முழங்கால் வலிக்குக் கைவைத்தியம் சொன்னாள். ஒரு குழந்தையின் தொப்பி காற்றில் பறக்க, ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். நடுநடுவே தன் இடத்துக்கு வந்து நின்று குருவைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். மறுபடியும் கிளம்பிவிட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் குரு லென்ஸை மூடினார்.

மறுநாள் இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழே, தட்டில் மிதந்த வெள்ளைத் தாளில் கோபுரம் மெல்ல எழுந்து வந்தது. பிள்ளைகள் இல்லை. பெருக்கிய அம்மாள் இல்லை. முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது.

"அத்தனை பேரும் எங்கே போனார்கள்?"

"கறுப்புக் கண்ணாடி போட்டால் லென்ஸை நெடுநேரம் திறந்து வைக்கலாம். அசையாமல் நிற்பது மட்டும் படத்தில் தங்கும். நடமாடுகிறவர்கள் கரைந்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரரும் இப்படித்தான் எடுத்திருக்கிறார்."

"அப்படியானால் நானும் கரைந்துவிட்டேன்."

குரு விரலால் காட்டினார். கோபுரத்தின் அடியில் வெள்ளையாக, மெல்லிய புகை மாதிரி ஏதோ இருந்தது.

"உங்கள் வெள்ளைச் சட்டை. போய்ப் போய்த் திரும்பி வந்து நின்றீர்களே, அந்த இடம்."

ஷிசுகோ பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே இடம். அதே புகை.

"அன்றைக்கு வெள்ளைக் கிமோனோ கட்டியிருந்தேன்" என்றாள். உடனே தலையை ஆட்டினாள். "அவர் இதைக் கவனித்திருக்க மாட்டார். தூசி என்று விட்டிருப்பார்."

குரு புதுப் படத்தை, வெளிச்சம் பட்டாலும் கெடாதபடி நிறுத்தும் மருந்துத் தட்டில் ஊறவிட்டார்; பிறகு கதவைத் திறந்து, இவாவோவின் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பளபளத்த தாளில் மை வைத்த இடங்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. வானத்தில் எத்தனையோ பொட்டுகள். ஊசிமுனைத் தூசியைக்கூட இவாவோ விட்டுவைக்கவில்லை. கோபுரத்தடியில் இருந்த வெண்மையில் மட்டும் தூரிகை படவே இல்லை.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? லென்ஸ் திறந்திருக்கிறது, கொஞ்சம் அசையாமல் நில் என்று ஒரு வார்த்தை. வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு வந்தாரே குருவே, ஒரு தடவையாவது சொன்னாரா?"

குரு புதுப் படத்தைத் தட்டிலிருந்து எடுத்துத் தண்ணீரில் அலசினார்.

"சொல்லியிருந்தால், அடுத்த வருஷம் நீங்கள் அசையாமல் நின்றிருப்பீர்களே, அம்மா" என்றார்.